துக்க நகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துக்க நகை என்றால் என்ன? கருப்பாக இருந்தால் துக்க நகையா?

ஒருவர் இறந்ததை நினைவில் வைத்துக்கொள்ளச் செய்த நகையும் துக்க நகைதான், துக்கம் காக்கிற மாதங்களில் போட்டுக்கொள்ளச் செய்த நகையும் துக்க நகைதான். இரண்டும் வேறு வேறு, குழப்பம் பாதி இங்கேதான் தொடங்குகிறது. முதல் வகையில் பெயர் இருக்கும், இறந்த தேதி இருக்கும், வயது இருக்கும், பல சமயம் இறந்தவரின் முடியே இருக்கும். இரண்டாவது வகை கடையில் தயாராகக் கிடைத்தது. கருப்பாக இருக்கும், யாருக்காக என்று எதுவும் எழுதியிருக்காது, துக்கம் முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடும், அடுத்த சாவுக்கு மறுபடி வெளியே வரும். எனக்கு முதல் வகை மேல்தான் ஆசை. இரண்டாவது பெரும்பாலும் வியாபாரம், ஆனால் அந்த வியாபாரக் கதையும் சுவாரசியமானது.

கருப்பு என்பதை மட்டும் நம்பாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் கருப்பு நகை வெறும் ஃபேஷனாகவும் இருந்தது, துக்கமே இல்லாதவர்களும் போட்டார்கள். மறுபக்கம், முத்தும் வெள்ளை எனாமலுமாக (உலோகத்தின் மேல் சூட்டில் உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சு) வெளேரென்று இருக்கிற துக்க நகையும் உண்டு. இங்கே நான் சொல்வது பெரும்பாலும் இங்கிலாந்து விஷயம், இந்த வழக்கம் முழுசாக வளர்ந்து முற்றியது அங்கேதான்.

இதை ஆரம்பித்து வைத்தது விக்டோரியா ராணிதானே?

இல்லை. அவர் பிறந்தது 1819இல். அதற்கு இருநூறு வருடம் முன்னாலேயே இந்த வழக்கம் நன்றாக ஊறிப்போயிருந்தது. ஷேக்ஸ்பியர் 1616இல் எழுதிய உயிலில், தன்னோடு நாடகக் குழுவில் இருந்த ஜான் ஹெமிங்ஸ், ரிச்சர்ட் பர்பேஜ், ஹென்றி காண்டெல் மூவரும் மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் ஒதுக்கியிருக்கிறார். அந்த வாசகம் வரிகளுக்கு நடுவே பிற்பாடு நெருக்கி எழுதிச் சேர்த்தது.

1649 ஜனவரி 30ஆம் தேதி முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டினார்கள். அதற்குப் பிறகு அவருடைய ஆதரவாளர்கள் அவர் படம் வைத்த மோதிரம், லாக்கெட், முடி வைத்த பதக்கம் என்று ரகசியமாக அணிந்தார்கள். ஆட்சி மன்னரைக் கொன்றவர்கள் கையில் இருந்ததால், படத்தைக் கல்லுக்கு அடியிலோ மூடிக்குள்ளோ மறைத்து வைத்தார்கள். துக்கமும் அரசியலும் ஒரே மோதிரத்தில் இருந்த காலம் அது. என்னைக் கேட்டால் மொத்த வரலாற்றிலும் இதுதான் மிகத் துணிச்சலான கட்டம்.

விக்டோரியா இதைக் கண்டுபிடிக்கவில்லை, நாடு முழுக்கப் பரவ வைத்தார். அதைக் கீழே சொல்கிறேன்.

பழைய மோதிரங்களில் மண்டை ஓடு ஏன்?

16, 17ஆம் நூற்றாண்டு மோதிரங்களில் மண்டை ஓடு, எலும்புக்கூடு, மணல் கடிகாரம், சவப்பெட்டி எல்லாம் சர்வ சாதாரணம். அவை இறந்த ஆளைப் பற்றியவை அல்ல, அணிந்திருக்கிறவரைப் பற்றியவை. நீயும் ஒருநாள் சாகப்போகிறாய், ஒழுங்காக வாழ் என்கிற எச்சரிக்கை. பிளேக் வந்து தெருவையே காலி செய்த காலத்தில் இதில் யாரும் விகாரம் பார்க்கவில்லை.

பிறகு மெல்ல ஒரு மாற்றம் வருகிறது. அதே மண்டை ஓட்டு மோதிரத்தின் உள்பக்கத்தில் ஒரு பெயரும் தேதியும் பொறிக்கத் தொடங்குகிறார்கள். சாவைப் பற்றிய நகை ஓர் ஆளைப் பற்றிய நகையாக மாறுகிற இடம் அதுதான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்னொரு வடிவம் வந்தது: கீழே பின்னிய முடி, அதன் மேல் மெல்லிய தங்கக் கம்பியில் பெயரின் முதல் எழுத்துகள், எல்லாவற்றுக்கும் மேலே பட்டை தீட்டிய படிகக் கல்.

சாவுக்கு வந்தவர்களுக்கு மோதிரம் கொடுப்பார்களாமே, உண்மையா?

உண்மைதான். வசதியானவர்கள் வீட்டில் உயிலிலேயே யார் யாருக்கு மோதிரம், என்ன விலையில் என்று எழுதிவைத்துவிடுவார்கள். செலவு இறந்தவரின் சொத்திலிருந்து போகும். நாட்குறிப்புக்காரர் சாமுவேல் பீப்ஸ் 1703இல் இறந்தபோது நூற்றுக்கு மேல் மோதிரங்கள் கொடுக்கப்பட்டன, அதுவும் வாங்குகிறவரின் அந்தஸ்துக்கு ஏற்ப வேறு வேறு விலையில். எனக்கு என்ன மோதிரம் வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வந்தது என்று கணக்குப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே சாவுச் செலவு குடும்பங்களைக் கடனில் தள்ளுகிற அளவுக்குப் போய், மாசசூசெட்ஸில் 18ஆம் நூற்றாண்டில் கையுறை, மோதிரம் கொடுப்பதையெல்லாம் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள்.

1805 அக்டோபர் 21ஆம் தேதி டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இறந்ததும், ஜான் சால்ட்டர் என்கிற லண்டன் நகைக்கடைக்காரர் உறவினருக்கும் நண்பர்களுக்கும் ஒரே மாதிரி 58 மோதிரங்கள் செய்து கொடுத்தார். கருப்பு எனாமலில் மேலே கிரீடம் வைத்த இரண்டு எழுத்துகள், கீழே டிரஃபால்கர் என்ற பெயர். அவற்றில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் இன்றைக்கும் செய்தியாகிவிடுகிறது.

கருப்பு எனாமலுக்கும் வெள்ளை எனாமலுக்கும் என்ன வித்தியாசம்?

18ஆம் நூற்றாண்டு மோதிரங்களில் இறந்தவர் கல்யாணமானவர் என்றால் கருப்பு, கல்யாணமாகாதவர் அல்லது குழந்தை என்றால் வெள்ளை. எல்லாரும் இம்மி பிசகாமல் பின்பற்றினார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் சரியாக வரும். மோதிரத்தைச் சுற்றி எனாமல் பட்டையில் பெயர் ஓடும். ஓ.பி. என்கிற லத்தீன் சுருக்கத்துக்குப் பின்னால் வருவது இறந்த தேதி, ஏ.இ.டி. என்பதற்குப் பின்னால் வருவது வயது. வெள்ளை மோதிரத்தில் வயது என்று ஒற்றை இலக்கத்தைப் படிக்கிறபோது கொஞ்சம் நின்றுதான் போவோம்.

கண் மட்டும் வரைந்த ஒரு ப்ரூச் (உடையில் குத்திக்கொள்கிற நகை) பார்த்தேன். பயமாக இருந்தது. அது என்ன?

ஒற்றைக் கண் ஓவியம். முகம் கிடையாது, கண்ணும் புருவமும் மட்டும், தந்தத் தகட்டின் மேல் நீர்வண்ணத்தில் வரைந்தது. 1785 வாக்கில், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர், மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்கிற பெண்ணுக்குத் தன் கண்ணை வரையச் சொல்லி அனுப்பினார், அதற்குப் பிறகுதான் இது ஃபேஷனானது. மரியா கத்தோலிக்கர், அதனால் வெளியே சொல்ல முடியாத காதல். கண்ணை மட்டும் பார்த்தால் யாருடையது என்று ஊருக்குத் தெரியாது, வேண்டியவருக்குத் தெரியும்.

பெரும்பாலானவை காதல் பரிசு. ஆனால் கண்ணைச் சுற்றி மேகம் வரைந்திருந்தாலோ, பின்பக்கம் இறந்த தேதி இருந்தாலோ அது துக்க நகை. சுற்றிலும் பதித்த முத்துகள் கண்ணீர்.

அதே காலத்தில்தான் மண்டை ஓடு போய், கல்லறைத் தாழியும் அழுகை வில்லோ மரமும் தாழி மேல் சாய்ந்து நிற்கிற பெண்ணும் வந்தார்கள். பாம்பேயி அகழாய்வுக்குப் பிறகு எல்லாருக்கும் கிரேக்க, ரோமானியப் பித்துப் பிடித்திருந்தது, துக்கமும் அந்த உடையைப் போட்டுக்கொண்டது. இந்தச் சின்ன ஓவியங்கள் சிலவற்றில் பழுப்பு நிறத்துக்கு, இறந்தவரின் முடியைப் பொடியாக்கிச் சாயத்தோடு கலந்திருக்கிறார்கள்.

முடியா? அருவருப்பாக இல்லையா?

நம்மூர்க்காரர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. வெட்டின முடி நமக்குத் தீட்டு, வீட்டு வாசலில் கிடந்தால்கூடக் கூட்டித் தள்ளிவிடுவோம். அவர்களுக்கு அப்படி இல்லை, உடம்பில் அழுகாமல் நிற்கிற ஒரே பகுதி என்று பார்த்தார்கள். முடி கெரட்டின் என்கிற புரதம். ஈரமும் பூச்சியும் படாமல் வைத்தால் நூற்றாண்டுக் கணக்கில் நிறம்கூட அதிகம் மாறாமல் இருக்கும். புகைப்படம் இல்லாத காலத்தில், ஓவியரை வரவழைக்கக் காசில்லாத வீட்டில், செத்துப்போன குழந்தையிடமிருந்து எடுத்துவைக்க வேறு என்ன இருந்தது?

முடி வேலை இரண்டு விதம். ஒன்று, தட்டையாகச் செய்வது. முடியை வரிசையாகப் பரப்பி, பசை தடவித் தாள் போல ஆக்கி, இலை வடிவத்தில், பூ வடிவத்தில் வெட்டி ஒட்டுவார்கள். அல்லது சூடான கம்பியால் இறகு போலச் சுருட்டி, அடியில் தங்கக் கம்பியையும் பொடி முத்தையும் கோத்துக் கட்டுவார்கள். ப்ரூச்சில் கண்ணாடிக்குள் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று மேசை மேல் பின்னுவது. நடுவில் ஓட்டை போட்ட வட்ட மேசை. முதலில் முடியைச் சோடா போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து எண்ணெய்ப்பசையை எடுக்க வேண்டும். நீளவாரியாகப் பிரித்து, இருபது முப்பது முடியாகச் சேர்த்து இழை கட்டி, ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஈயக் குண்டு தொங்கவிட்டு மேசையைச் சுற்றி அடுக்க வேண்டும். எல்லா இழையின் மறுமுனையும் நடு ஓட்டையில் சேரும், அங்கே அடியில் ஓர் எடை. இப்போது இழைகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தாண்டவைத்துக்கொண்டே சுற்றினால், குழாய் மாதிரிப் பின்னல் இறங்கும். முடிந்ததும் மறுபடி கொதிக்கவைத்துக் காயவைத்தால் அந்த வடிவம் அப்படியே நின்றுவிடும். பிறகு தட்டானிடம் போய் இரண்டு முனைக்கும் தங்க மூடி. வளையல், சங்கிலி, காதணி எல்லாம் இப்படிச் செய்தார்கள்.

ஸ்வீடனில் டாலர்னா பகுதியில் வோம்ஹூஸ் என்று ஒரு ஏழைக் கிராமம். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பெண்கள் இந்த மேசை வேலையைக் கற்றுக்கொண்டு, ஜெர்மனி, ரஷ்யா, இங்கிலாந்து என்று நடையாகவும் வண்டியிலும் போய், வீடு வீடாக முடி வாங்கிப் பின்னிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். அந்த ஊரில் இந்தக் கைவேலை இன்னும் சாகவில்லை.

உள்ளே இருப்பது அந்த ஆளின் முடிதான் என்று எப்படித் தெரியும்?

அன்றைக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. மேசை வேலைக்கு நீளமான முடி நிறைய வேண்டும். காய்ச்சலில் கிடந்து செத்தவரின் தலையில் அவ்வளவு இருக்காது. கடைக்காரர் சவுரிக்கு வாங்கிவைத்த முடியை எடுத்து, நிறம் பார்த்துப் பின்னிக் கொடுத்துவிடுகிறார் என்று புகார்கள் எழுந்தன. பெண்கள் பத்திரிகைகள் முடி வேலையை வீட்டிலேயே செய்யப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். என் கண் முன்னால் பின்னினால்தான் நம்புவேன் என்றவர்களும் இருந்தார்கள். தட்டானிடம் தங்கம் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிற நம்மூர்ப் பாட்டிகளுக்கு இந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை.

முடி இருந்தாலே துக்க நகைதானா?

இல்லவே இல்லை. காதலர்கள் கொடுத்துக்கொண்டார்கள், தோழிகள் மாற்றிக்கொண்டார்கள், போருக்குப் போகிற மகனிடமிருந்து அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். தேதியோ கருப்பு எனாமலோ தாழியோ எதுவும் இல்லாவிட்டால் துக்க நகை என்று அடித்துச் சொல்லாதீர்கள். விற்கிறவர்கள் எல்லாவற்றையும் துக்க நகை என்றுதான் சொல்வார்கள், கதை சேர்ந்தால் விலை ஏறும்.

சரி, விக்டோரியா என்ன செய்தார்?

1861 அவருக்கு மோசமான வருடம். மார்ச்சில் அம்மா இறந்தார். அரண்மனை அந்தத் துக்கத்திலிருந்து எழுவதற்குள், டிசம்பர் 14ஆம் தேதி விண்ட்சர் கோட்டையில் கணவர் ஆல்பர்ட் இறந்தார், வயது 42. ராணிக்கும் அதே 42. அதற்குப் பிறகு 1901 ஜனவரியில் சாகும்வரை கருப்பு உடைதான். ஆல்பர்ட்டின் முடி வைத்த நகைகளைச் செய்யச் சொல்லித் தானும் போட்டுக்கொண்டார், பிள்ளைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தார். 1878இல் மகள் ஆலிஸ் இறந்தபோது தேதி மறுபடியும் டிசம்பர் 14. அவருக்காகவும் நகை செய்யச் சொன்னார்.

நாட்டின் தலைவியே நாற்பது வருடம் கருப்பில் இருந்தால் என்ன ஆகும்? அரண்மனைக்குப் போகிறவர்கள் கருப்பு போட வேண்டும், அவர்களைப் பார்த்து நடுத்தர வர்க்கம், அவர்களைப் பார்த்து வேலைக்காரப் பெண்கள் வரைக்கும். ஆனால் ராணியின் சோகம் மட்டும் இவ்வளவையும் செய்துவிடவில்லை. ரயில் வந்துவிட்டது, இயந்திரத்தில் நகை அடிக்க முடிந்தது, 1854 சட்டம் 9, 12, 15 காரட் தங்கத்துக்கும் முத்திரை தர வழி செய்து தங்கத்தைக் கொஞ்சம் கைக்கெட்ட வைத்தது. லண்டன் ரீஜண்ட் தெருவில் ஜேஸ் என்கிற துக்கப் பொருள் கடை 1841இலேயே திறந்தாகிவிட்டது, ஆல்பர்ட் சாவதற்கு இருபது வருடம் முன்பு. உடை, தொப்பி, கையுறை என்று எல்லாம் ஒரே இடத்தில். சந்தை காத்திருந்தது, ராணி ஒரு காரணம் கொடுத்தார்.

துக்க நகை செய்கிற கருப்புப் பொருளை ஜெட் ஜெட் என்கிறார்களே, அது கல்லா?

மரம். ஏறக்குறைய 18 கோடி வருடம் முன்பு, இன்றைய அரௌகாரியா மரங்களின் சொந்தக்கார மரங்கள் கடலில் விழுந்து, சேற்றில் புதைந்து, அழுத்தம் தாங்கி அப்படியே இறுகியது. ஒரு வகையில் நிலக்கரிக்குத் தங்கச்சி. மிக லேசாக இருக்கும், தொட்டால் குளிராது, மெருகேற்றினால் முகம் பார்க்கலாம். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், யார்க்‌ஷயரில், விட்பி என்கிற மீன்பிடி ஊரைச் சுற்றியுள்ள பாறைகளில் இருப்பதுதான் பேர்போனது. ரோமானியர் காலத்திலேயே யார்க் நகரில் இதில் நகை செய்திருக்கிறார்கள்.

விட்பியில் 1800 வாக்கில் கடைசல் இயந்திரத்தில் ஜெட்டைக் கடையத் தொடங்கினார்கள், அதற்கு முன் கத்தியும் அரமும்தான். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் விட்பி ஜெட் வைக்கப்பட்டது. அப்புறம் ஆல்பர்ட். 1870களின் தொடக்கத்தில் அந்தச் சின்ன ஊரில் சுமார் 1500 பேர், ஆணும் பையன்களுமாக, இந்தத் தொழிலில் இருந்தார்கள். கடற்கரையில் பொறுக்கியது போதாமல் செங்குத்துப் பாறையிலும் உள்நாட்டு மலைச்சரிவிலும் சுரங்கம் வெட்டினார்கள். சரக்கு தட்டுப்பட்டதும் ஸ்பெயினிலிருந்து மட்டமான ஜெட்டை இறக்கினார்கள், அது சீக்கிரம் வெடித்து உடைந்தது, விட்பியின் பெயரும் கூடவே கெட்டது. 1880களில் ஃபேஷன் மாறியது, ஊர் சுருண்டது. விட்பி அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து வேலைப்பாடுகளைப் பார்க்கலாம், கரைக்குப் போனால் இன்றைக்கும் அலை ஒதுக்கிய துண்டு எப்போதாவது கிடைக்கும்.

எத்தனை நாள் துக்கம்? எப்போது எந்த நகை?

கணவனை இழந்தவருக்கு இரண்டு, இரண்டரை வருடம். கணக்கு கட்டம் கட்டமாகப் போகும். முதல் ஒரு வருடமும் ஒரு நாளும் ஆழ்ந்த துக்கம். உடம்பு முழுக்கக் கிரேப் துணி, அதாவது பளபளப்பே இல்லாத சுருக்கம் வைத்த கருப்புப் பட்டு. மழை பட்டால் சாயம் கழுத்தில் இறங்கும், விலையோ எக்கச்சக்கம், அதைத் தயாரித்த கோர்ட்டால்ட் குடும்பம் பெரும் பணம் பார்த்தது. இந்தக் கட்டத்தில் பளபளக்கிற எதுவும் கூடாது, மங்கலான ஜெட் பரவாயில்லை. பிறகு கிரேப் குறையும், மெருகேற்றிய ஜெட்டும் முடி வைத்த ப்ரூச்சும் வெளியே வரும். கடைசி ஆறு மாதம் அரைத் துக்கம். சாம்பல், ஊதா, வெளிர் ஊதா உடைகள், அவற்றோடு செவ்வந்திக்கல், முத்து, வைரம்கூட. 1856இல் வில்லியம் பெர்கின் என்கிற பதினெட்டு வயதுப் பையன் தற்செயலாகக் கண்டுபிடித்த செயற்கைச் சாயம் இந்த வெளிர் ஊதாதான்.

மனைவியை இழந்த ஆண்? கருப்புக் கோட்டு, தொப்பியில் கருப்புப் பட்டை, சில மாதம். அப்புறம் வேலைக்குப் போகலாம், மறுகல்யாணமும் செய்துகொள்ளலாம். சட்டதிட்டம் போட்டது யார் என்று கேட்கவே வேண்டாம்.

ஆண்கள் துக்க நகை போட்டதே இல்லையா?

போட்டார்கள். மோதிரம், சட்டைப் பொத்தான், மனைவியின் முடியில் பின்னிய கடிகாரச் சங்கிலி. அமெரிக்க அதிபர் தியோடர் ரூசவெல்ட் 1905இல் பதவியேற்றபோது அவர் விரலில் இருந்த மோதிரத்துக்குள் ஆபிரகாம் லிங்கனின் முடி இருந்தது. இளவயதில் லிங்கனுக்குச் செயலாளராக இருந்த ஜான் ஹே கொடுத்த பரிசு. லிங்கன் இறந்து அப்போது நாற்பது வருடம்.

சின்னங்களுக்கு அர்த்தம் சொல்லுங்கள்.

தன் வாலைத் தானே கவ்வுகிற பாம்பு, முடிவில்லாதது. இதை வைத்து மட்டும் துக்கம் என்று சொல்லிவிடாதீர்கள், ஆல்பர்ட் விக்டோரியாவுக்குப் போட்ட நிச்சயதார்த்த மோதிரமே பாம்புதான். நங்கூரம் நம்பிக்கை. ஐவிக் கொடி, விடாமல் பற்றிக்கொண்டிருப்பது. நீலநிறச் சின்னப் பூ இருந்தால் மறக்காதே என்று பொருள். உடைந்த தூணும் காம்பொடிந்த மொட்டும் இளவயதுச் சாவு, முற்றிய கோதுமைக் கதிர் வாழ்ந்து முடித்தவர். மலர் வளையத்தைப் பிடித்த கை ஜெட் ப்ரூச்சுகளில் ஏராளம். சில லாக்கெட்டுகளில் ஏ, இ, ஐ என்று மூன்று எழுத்து இருக்கும். அதை யாருடைய பெயரின் முதலெழுத்தோ என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள், என்றென்றும் என்பதற்கான கிரேக்கச் சொல் அது.

காசில்லாதவர்கள் என்ன போட்டார்கள்?

போலி ஜெட். கருப்புக் கண்ணாடியில் செய்ததைப் பிரெஞ்சு ஜெட் என்று பெயர் வைத்து விற்றார்கள். அயர்லாந்துச் சதுப்பு நிலத்தில் புதைந்து கருத்த ஓக் மரம் இன்னொன்று. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான வல்கனைட் மூன்றாவது, அச்சில் அழுத்தி ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். கொம்பைக் கருப்புச் சாயம் ஏற்றியும் செய்தார்கள். கட்டாபெர்ச்சா என்கிற மலாயா மரப்பாலும் உண்டு, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்ட அதே பொருள். ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் வல்கனைட்தான், அசல் கட்டாபெர்ச்சா காற்றுப் பட்டு நொறுங்கிப்போய்விடும்.

என் கையில் இருப்பது ஜெட்டா போலியா?

கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்து கனமாகவும் இருந்தால் கண்ணாடி. லேசாக, குளிராமல் இருந்தால் ஜெட்டாகவோ வல்கனைட்டாகவோ இருக்கலாம். மெருகிடாத பீங்கானில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தை மெல்ல இழுத்தால் ஜெட் பழுப்புக் கோடு விடும், ஆனால் வல்கனைட்டும் பழுப்புக் கோடுதான் விடும், அதனால் இதோடு நிறுத்தாதீர்கள். வல்கனைட் வெயில் பட்டுப் பட்டு காக்கி நிறத்துக்குப் போயிருக்கும், விரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வரும், அச்சில் வார்த்த கோடு விளிம்பில் தெரியும். ஜெட்டில் செதுக்கிய உளித் தடம் இருக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், நகைக்கு ஓட்டை விழுவதுதான் மிச்சம்.

இந்த வழக்கம் ஏன் போனது?

ஒரே காரணம் இல்லை. 1887இல் பொன்விழாவின்போது விக்டோரியாவே கொஞ்சம் தளர்ந்து கருப்போடு வெள்ளி சேர்க்கத் தொடங்கினார். புகைப்படம் மலிந்தது, முடியின் இடத்தை முகம் பிடித்தது. கடைசி அடி முதல் உலகப் போர். தெருவுக்குத் தெரு சாவு விழுந்தபோது, எல்லாப் பெண்களும் இரண்டு வருடம் வீட்டுக்குள் கருப்பில் உட்கார்ந்தால் தொழிற்சாலையையும் மருத்துவமனையையும் யார் நடத்துவது? உடலே ஊருக்கு வராத சாவுகள் வேறு. முடி வெட்டி வைக்கக்கூட வழியில்லை.

நம் பக்கத்தில் இப்படி எதுவும் உண்டா?

நம்மிடம் இருந்தது நேர் எதிரானது. புறநானூற்றுக் காலத்திலிருந்தே கணவன் இறந்தால் பெண்ணின் நகையைக் களைவதுதான் துக்கத்தின் அடையாளம். இறந்தவரின் நகையைப் பங்கு போட்டு, பழசு என்று உருக்கிப் புதுசு செய்துவிடுகிறோம். இங்கிலாந்து விதவைக்கு என்ன போட வேண்டும் என்று கட்டளை, இங்கே எதையும் போடக் கூடாது என்று கட்டளை. இரண்டிலும் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது பெண்ணின் கழுத்தைத்தான், எனக்கு எதுவும் மேலாகத் தெரியவில்லை.

வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தங்கத்தின் எடையைப் பார்த்து வாங்காதீர்கள், எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ஓர் உதாரணம். 2019இல் பிபிசியின் பழம்பொருள் நிகழ்ச்சிக்கு ஒருவர் மோதிரம் கொண்டுவந்தார், பரணில் பூட்டிக் கிடந்த பெட்டியில் இருந்ததாம். உள்பக்கம் எழுத்தாளர் சார்லட் பிராண்டியின் பெயர், 1855 மார்ச்சில் அவர் இறந்த தேதி. கீல் வைத்த மூடியைத் திறந்தால் உள்ளே மெல்லிய முடிப் பின்னல். அந்த விவரங்கள் இல்லாமல் என்றால் 25 பவுண்டு, இருப்பதால் 20,000 பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். சார்லட் தானே, தங்கைகள் எமிலி, ஆன் இருவரின் முடியைப் பின்னிச் செவ்வந்திக்கல் வைத்த கைச்சங்கிலி ஒன்று வைத்திருந்தார், அவர்கள் வாழ்ந்த ஹாவர்த் வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெயரும் தேதியும் முழுசாக இருந்தால் தேவாலயப் பதிவேடுகளில் ஆளைத் தேடிப் பிடிக்க முடியும். ஹால்மார்க் எழுத்து நகைக்கு முத்திரை குத்திய வருடத்தைச் சொல்லும், இறந்த தேதியோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பல வருடம் தள்ளி இருந்தால், பழைய மோதிரத்தில் புதுசாகப் பொறித்த வேலையாக இருக்கலாம். முடி மாற்றி வைத்த லாக்கெட்டுகளும் சந்தையில் உண்டு.

தந்தத்தில் வரைந்த படம் இருந்தால் யோசியுங்கள். பிரிட்டனில் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1918க்கு முந்திய சின்ன உருவப்படங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் விற்கிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். இந்தியாவில் தந்த வியாபாரத்துக்கே தடை, ஆசைப்பட்டு வரவழைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எப்படிப் பராமரிப்பது?

முடி வைத்த நகையில் தண்ணீர் படவே கூடாது. கண்ணாடிக்கு அடியில் ஈரம் நுழைந்தால் பசை கரையும், முடியில் பூஞ்சை பிடிக்கும், பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. நகைக்கடையில் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்து தருகிறேன் என்றால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எனாமல் மோதிரத்தின் அளவை மாற்றக் கொடுக்காதீர்கள், சூட்டில் எனாமல் வெடிக்கும். ஜெட்டை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். வல்கனைட்டை வெயிலில் வைக்காதீர்கள்.

இப்போது யாராவது புதிதாகச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். சாம்பலிலிருந்தோ முடியிலிருந்தோ கார்பனைப் பிரித்து, அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் செயற்கை வைரமாக்கிக் கொடுக்கிற நிறுவனங்கள் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. சாம்பலைக் கண்ணாடி மணியில் கலந்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். வைரத்தில் பெயர் எங்கே எழுதுவார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பார்த்தால் மற்ற வைரம் மாதிரியே இருக்கும், சான்றிதழ்த் தாள் தொலைந்துவிட்டால் பேரப்பிள்ளைகள் அதை அடகுக் கடையில் வைத்துவிடுவார்கள்.

முன்பின் தெரியாத ஒருவரின் சாவு மோதிரத்தைப் போட்டுக்கொண்டால் ஏதாவது ஆகுமா?

ஒன்றும் ஆகாது. யாரோ ஒருவர் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதானே அதைச் செய்தார்கள். யாருடையது என்று கேட்டால் சொல்ல அந்தப் பெயரையும் வருடத்தையும் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நிச்சயம் கேட்பார்கள். அப்புறம், கை கழுவும்போது கழற்றி வையுங்கள்.